ஒரே டப்பாவில் தசைக்கும் மனதுக்கும் நிவாரணம்: மெக்னீசியம், அமுக்கரா பற்றி ஒரு விளக்கம்

திருநெல்வேலிச் சீமையில் எந்த ஊர் நாட்டு மருந்துக் கடைக்குப் போனாலும் அமுக்கராக் கிழங்கு கிடைக்கும். அதே கிழங்கு இப்போது ‘அஸ்வகந்தா’ என்ற பெயரில் கேப்சூலாகவும் மிட்டாயாகவும் மெடிக்கல் கடை முகப்பில் நிற்கிறது. பக்கத்திலேயே மெக்னீசியம் மாத்திரை. இரண்டு டப்பாவிலும் ஏறக்குறைய ஒரே வாக்குறுதி: தசை இளகும், மனம் அமைதியாகும், நல்ல தூக்கம் வரும்.

செல்போனில் விளம்பரம் வந்து குவிவதால் குழப்பமும் கூடிவிட்டது. ராத்திரி கெண்டைக்கால் இழுத்துக்கொள்கிறதே, அதற்கு எது நல்லது? படபடப்புக்கு எது? பிரஷர் மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடலாமா? மூலிகை என்றால் பயமே வேண்டாமா? டப்பாவில் எழுதியிருப்பதை மட்டும் வைத்து இவற்றுக்குப் பதில் சொல்ல முடியாது. இறுக்கம் உடம்பில் எந்த இடத்தில் பிறக்கிறது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தசை இறுகுவதும் இளகுவதும்

1. மூளையிலிருந்து கிளம்பும் கட்டளை நரம்பு வழியாக இறங்கி, நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கச் செய்கிறது.

2. அது தசை நாரைத் தொட்டதும், நாருக்குள் சேமிப்பில் இருக்கும் கால்சியம் வெளியே வருகிறது. ஆக்டின், மயோசின் என்ற புரத இழைகள் ஒன்றையொன்று பற்றி இழுக்கின்றன. தசை சுருங்குகிறது.

3. இளக வேண்டுமானால் அந்தக் கால்சியத்தை மறுபடி சேமிப்புக்குள் ஏற்ற வேண்டும். இதற்கு ஆற்றல் தருவது ஏடிபி என்ற மூலக்கூறு. மெக்னீசியத்தோடு சேர்ந்திருந்தால்தான் ஏடிபி வேலை செய்யும்.

மூன்றாவது படியைத்தான் பலரும் கவனிப்பதில்லை. தசை சுருங்க மட்டுமே சக்தி வேண்டும், இளகுவது தானாக நடக்கும் என்று நினைக்கிறோம். உண்மையில் இளகுவதற்கும் செலவு உண்டு. உயிர் பிரிந்த உடல் சில மணி நேரத்தில் விறைத்துப் போவது, ஏடிபி தீர்ந்து இழைகள் பிரிய முடியாமல் போவதால்தான்.

மெக்னீசியத்துக்கு இன்னும் இரண்டு வேலைகள் உண்டு. நரம்பு முனைக்குள் கால்சியம் நுழைவதைக் குறைத்து, அசிட்டைல்கோலின் சுரப்பை அது மட்டுப்படுத்துகிறது. மூளையிலோ என்எம்டிஏ என்ற கிளர்ச்சி வாயிலை அடைத்து நிற்கிறது. ‘மெக்னீசியம் அமைதி தரும்’ என்ற விளம்பரத்துக்கு மூலம் இந்த உடலியல்தான். உடலியல் சரி. ஆனால் ஏற்கெனவே தேவையான அளவு மெக்னீசியம் உள்ள உடம்பில் மேலும் கொஞ்சம் சேர்த்தால் மேலும் கொஞ்சம் அமைதி கிடைக்கும் என்று அதிலிருந்து முடிவு கட்ட முடியாது.

மூலிகைகளில் பெரும்பாலானவை வேலை செய்வதாகச் சொல்லப்படுவது மேல் தளத்தில், அதாவது மூளையில். பயமும் கவலையும் நீடித்தால் கழுத்து, தோள், தாடைத் தசைகளுக்குக் கட்டளை ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும். மனம் அடங்கினால் அந்தத் தசைகளும் இளகும். ஆக மூளை, நரம்பு முனை, தசை நார் என்று மூன்று தளங்கள். எந்தத் தளத்தில் கோளாறு என்று தெரியாமல் வாங்கும் டப்பா பொருந்தினால் அதிர்ஷ்டம்தான்.

நம் பக்கத்துப் பிடிப்புகள்

‘பிடிச்சுக்கிச்சு’ என்று ஒரே சொல்லில் சொன்னாலும் உள்ளே நடப்பவை வேறு வேறு.

1. உப்பு வற்றி வரும் பிடிப்பு. தூத்துக்குடி உப்பளத்தில் நிற்பவர், உடன்குடி, திசையன்விளைப் பக்கம் பனை ஏறுபவர், சித்திரை வெயிலில் வயல் வேலை செய்பவர் ஆகியோருக்கு வருவது. வியர்வையில் பெரிதும் போவது சோடியம். தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் மிச்சம் இருக்கும் உப்பும் நீர்த்துப் போகும். இதற்கு மெக்னீசியம் கேப்சூல் உதவாது. உப்புப் போட்ட நீராகாரம், மோர், தேவைப்பட்டால் ஓஆர்எஸ் கரைசல், நிழலில் ஓய்வு. அவ்வளவுதான் மருந்து.

2. ஒரே நிலையில் இருந்து வரும் இறுக்கம். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம், கடையநல்லூர் வீடுகளில் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பொழுதெல்லாம் பீடி சுற்றும் பெண்களின் கழுத்தும் தோளும் இடுப்பும் இதற்குச் சாட்சி. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பேசும் தொழிலில் எழுந்து நடக்கும் ஐந்து நிமிடம்கூட நஷ்டமாகத் தெரிகிறது. அவர்கள் கையில் ஒரு ‘மசில் ரிலாக்ஸ்’ டப்பாவைத் திணிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. அவர்களுக்குத் தேவை சாய்ந்துகொள்ள முதுகுத் தாங்கல், அவ்வப்போது எழுந்து தோளைச் சுழற்றும் பழக்கம், ரத்தசோகைப் பரிசோதனை.

3. ராத்திரிக் கெண்டைக்கால் பிடிப்பு. வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதிகம். காரணம் பல நேரம் பிடிபடாது. பிடிபடும் காரணங்களில் நீர் பிரியும் மாத்திரை, சர்க்கரை நோயால் வரும் நரம்புப் பாதிப்பு, தைராய்டு குறைவு, சுருள் நரம்பு, சிறுநீரகக் கோளாறு ஆகியவை அடங்கும். நடக்கும்போது மட்டும் கெண்டைக்கால் இறுகி, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் அது காலின் ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் இந்த அறிகுறியைத் தள்ளிப்போடவே கூடாது.

4. பதற்றத்தில் வரும் இறுக்கம். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. தைராய்டு அதிகச் சுரப்பு, ரத்தசோகை, சர்க்கரை திடீரென்று இறங்குவது ஆகிய மூன்றும் மனப் பதற்றம் போலவே படபடப்பும் கைநடுக்கமும் தரும். முதல் இரண்டும் ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சர்க்கரை இறங்குவது, படபடப்பு வரும் நேரத்தில் பார்த்தால்தான் தெரியும். அதைச் செய்யாமல் மாதக்கணக்கில் அமைதி மாத்திரை சாப்பிடுபவர்கள் இருக்கிறார்கள்.

மெக்னீசியம்: பிரசவ வார்டில் ஒரு முகம், டப்பாவில் இன்னொரு முகம்

மெக்னீசியம் நரம்பையும் தசையையும் அடக்கும் என்பதற்கு அழுத்தமான சான்று அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டிலேயே இருக்கிறது. கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும் நிலையில் கொடுப்பது மெக்னீசியம் சல்பேட் ஊசி. 33 நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் நடந்து 2002-ல் வெளியான பெரிய ஆய்வு, இந்த ஊசி வலிப்பு ஆபத்தைப் பாதிக்கும் கீழே குறைத்ததாகக் காட்டியது. தாய்மார்களின் உயிரைக் காக்கும் மருந்துகளில் இது முன்வரிசையில் இருக்கிறது.

அந்த வார்டில் நர்ஸ் என்ன செய்கிறார் என்று கவனித்தால் இன்னொன்று புரியும். முழங்காலில் தட்டி அனிச்சை அசைவு இருக்கிறதா என்று பார்ப்பார். மூச்சை எண்ணுவார். சிறுநீர் அளவைக் குறிப்பார். மெக்னீசியம் கூடிப்போனால் முதலில் முழங்கால் அசைவு போகும், அதற்குமேல் ஏறினால் மூச்சுத் தசையே தளர்ந்துவிடும். மாற்று மருந்தாகக் கால்சியம் குளுக்கோனேட் ஊசி பக்கத்திலேயே தயாராக இருக்கும். சிறுநீரை அளப்பதற்குக் காரணம், மிஞ்சும் மெக்னீசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம்தான் என்பது.

வாய்வழி மாத்திரை இப்படிப்பட்டதல்ல. அங்கே கிராம் கணக்கில் ஊசியாகப் போகிறது. இங்கே சில நூறு மில்லிகிராம், அதிலும் குடல் ஒரு பகுதியைத்தான் உள்ளே விடும். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு மிஞ்சியது வெளியே போய்விடும். சிறுநீரகம் பழுதானவருக்கு அது உடம்பிலேயே தேங்கும். இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவு தெரியாத முதியவர் மெக்னீசியம் மாத்திரையைத் தானாகத் தொடங்கக் கூடாது என்பேன்.

சரி, கெண்டைக்கால் பிடிப்புக்கு மாத்திரை உதவுகிறதா? 2017-ல் வெளியான ஓர் இஸ்ரேலிய ஆய்வில், ராத்திரிப் பிடிப்பு உள்ள 94 பேரில் ஒரு பிரிவுக்கு மெக்னீசியம் ஆக்சைடு, இன்னொரு பிரிவுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை என்று நான்கு வாரம் கொடுத்தார்கள். இரு பிரிவிலுமே வாரத்துக்கு மூன்று பிடிப்பு போலக் குறைந்தது. மாத்திரை சாப்பிட்டவர் ‘குறைந்தது’ என்று சொல்வது பொய்யில்லை. வெற்று மாத்திரை சாப்பிட்டவருக்கும் அதே அளவு குறைந்தது என்பதுதான் செய்தி. காக்ரேன் என்ற சர்வதேச ஆய்வு அமைப்பு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2020-ல் வெளியிட்ட அலசலும், முதியவர்களின் பிடிப்பைத் தடுப்பதில் மெக்னீசியத்தால் குறிப்பிடத்தக்க பலன் இருக்க வாய்ப்பில்லை என்றே சொல்கிறது. கர்ப்பிணிகள் விஷயத்தில் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

படுக்கப் போகுமுன் சுவரில் கை ஊன்றி, குதிகாலைத் தரையில் பதித்துக் கெண்டைக்காலை நீட்டும் எளிய பயிற்சிக்கு இதைவிட நல்ல ஆதரவு இருக்கிறது. நெதர்லாந்தில் முதியவர்களிடம் நடந்து 2012-ல் வெளியான ஆய்வு, தினமும் இரவில் இப்படி நீட்டியவர்களுக்குப் பிடிப்பு குறைந்ததாகச் சொல்கிறது. காசு செலவில்லை.

அப்படியானால் மெக்னீசியம் மாத்திரை யாருக்கும் வேண்டாமா? வேண்டும். உண்மையிலேயே குறைபாடு உள்ளவர்களுக்கு அது நல்ல மருந்து. குறைபாடு வர வாய்ப்புள்ளவர்கள்:

1. ‘கேஸ் மாத்திரை’யை (பான்டோபிரசோல், ஓமிபிரசோல் வகை) வருடக்கணக்கில் விடாமல் சாப்பிடுபவர்கள். இதனால் மெக்னீசியம் இறங்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-லேயே எச்சரித்தது. இங்கே காலையில் டீக்கு முன்னால் இதைப் போடுவது வழக்கமாகவே ஆகிவிட்டது. எதற்காகத் தொடங்கினோம் என்று மறந்துபோன பிறகும் பலர் தொடர்கிறார்கள்.
2. நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள்.
3. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள்.
4. மதுப்பழக்கம் உள்ளவர்கள்.
5. நாள்பட்ட வயிற்றுப்போக்கு உள்ளவர்கள்.

இவர்களுக்கு ரத்தத்தில் மெக்னீசியம் பார்ப்பது பயன்படும். ஆனால் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். வயது வந்த உடம்பில் இருக்கும் சுமார் 25 கிராம் மெக்னீசியத்தில் பாதிக்கு மேல் எலும்பில் இருக்கிறது. ரத்த நீரில் மிதப்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ரத்த அளவு குறைந்திருந்தால் குறைபாடு உறுதி. ரத்த அளவு சரியாக இருந்தால் குறைபாடே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது.

டப்பாவின் கணக்கு

டப்பாவின் முன்பக்கத்தில் ‘மெக்னீசியம் கிளைசினேட் 1000 மி.கி.’ என்று பெரிதாக இருக்கும். அது சேர்மத்தின் எடை. உள்ளே இருக்கும் தனி மெக்னீசியம் அதில் சுமார் 14 சதவீதம், ஆக ஏறக்குறைய 140 மி.கி. சிட்ரேட் வகையில் சுமார் 16 சதவீதம். ஆக்சைடில் 60 சதவீதம். கணக்கில் ஆக்சைடு பெரிதாகத் தெரிந்தாலும் குடல் அதைக் குறைவாகவே உறிஞ்சும், மிச்சம் பேதியாகப் போகும். கிளைசினேட் வயிற்றுக்கு மிருது, விலை அதிகம். பின்பக்கச் சிறிய எழுத்தில் தனி மெக்னீசியம் எவ்வளவு என்று தெளிவாக எழுதாத டப்பாவை வாங்காதீர்கள். மாத்திரையாக எடுக்கும் மெக்னீசியத்துக்கு அமெரிக்கப் பரிந்துரையின் உச்சவரம்பு நாளுக்கு 350 மி.கி., ஐரோப்பிய வரம்பு 250 மி.கி.

இன்னொன்று, தைராய்டு மாத்திரை, டாக்ஸிசைக்கிளின், சிப்ரோஃபிளாக்ஸசின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகள் ஆகியவற்றோடு மெக்னீசியம் குடலிலேயே ஒட்டிக்கொண்டு அவற்றை உடம்பில் ஏறவிடாமல் செய்யும். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளியாவது வேண்டும்.

பேதி உப்பைச் சுடுநீரில் கரைத்துக் கால் ஊறவைப்பது பற்றியும் கேட்கிறார்கள். பேதி உப்பும் மெக்னீசியம் சல்பேட்தான். தோல் வழியாகத் தேவையான அளவு மெக்னீசியம் இறங்குகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இதம் தருவது வெந்நீரின் சூடு. சாரல் காலத்தில் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நிற்பவருக்கு உடம்பு இளகுவதும் எண்ணெய் தேய்க்கும் கையாலும் தண்ணீரின் அழுத்தத்தாலும்தான், அந்த இதம் உண்மையானது. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் மட்டும் வெந்நீரில் கால் வைக்க வேண்டாம். வெந்துபோனாலும் தெரியாது.

உளுந்தஞ்சோற்றில் இருப்பது

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவு அட்டவணைப்படி, தீட்டிய பச்சரிசி 100 கிராமில் சுமார் 19 மி.கி. மெக்னீசியம். தீட்டாத அரிசியில் சுமார் 94. கம்பில் சுமார் 124, கேழ்வரகில் சுமார் 146. நாம் உமியோடு சேர்த்துத் தவிட்டையும் மாட்டுக்குக் கொடுத்துவிட்டு, அதில் போனதை மெடிக்கலில் தேடுகிறோம்.

தாமிரபரணிப் பாசனத்து நெல் ஊர்களில் வெள்ளைச்சோறு கௌரவமாகி வெகுகாலம் ஆயிற்று. ஆனாலும் இந்தச் சீமையின் அடுக்களை அதை ஈடுகட்டும் ஒரு சாப்பாட்டைக் கைவிடவில்லை. தொலி உளுந்து போட்டுப் பொங்கும் உளுந்தஞ்சோறும் தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையலும்தான் அது. உளுந்து 100 கிராமில் ஏறக்குறைய 170 முதல் 190 மி.கி. வரை, எள்ளில் 300 மி.கி.க்கு மேல் மெக்னீசியம் உண்டு. ஒருவர் சாப்பாட்டில் 50 கிராம் உளுந்தும் 20 கிராம் எள்ளும் சேர்ந்தால் 150 மி.கி.யை ஒட்டி வரும். முன்பு பார்த்த 1000 மி.கி. கிளைசினேட் கேப்சூல் ஒன்றில் இருப்பதும் அவ்வளவுதான். தானியத்திலும் பருப்பிலும் இயற்கையாக உள்ள ஃபைட்டேட் என்ற வேதிப்பொருள் உறிஞ்சுதலைக் கொஞ்சம் குறைக்கும் என்பது உண்மை. ஊறவைப்பதும் புளிக்கவைப்பதும் அந்தத் தடையைத் தளர்த்தும். வயதுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கருப்பட்டியும் கொடுத்த வழக்கத்தை இந்தக் கண்ணோடு பார்த்தால் மரியாதை கூடுகிறது.

வயது வந்தவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது, வெவ்வேறு பரிந்துரைகளின்படி, 300 முதல் 440 மி.கி. வரை. முருங்கைக்கீரை, நிலக்கடலை, ஒருவேளை கம்பங்கூழ் சேர்ந்தால் எட்டிவிடக்கூடிய அளவுதான்.

அமுக்கரா: எவ்வளவு தெரியும், எங்கே ஜாக்கிரதை

கடைக்கு வரும் கிழங்கில் பெரும்பகுதி மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சௌர் பக்கத்து வயல்களில் விளைவது. பொதிகை மலை மூலிகை என்று சொல்லி விற்றால் நம்ப வேண்டாம். சித்த மருத்துவத்தில் கிழங்கைப் பாலில் பிட்டவியலாக அவித்து, உலர்த்திச் சுத்தி செய்த பிறகுதான் சூரணத்தில் சேர்ப்பார்கள்.

அமுக்கராச் சூரணத்தின் கூட்டு அழகானது. கிராம்பு ஒரு பங்கு, சிறுநாகப்பூ இரண்டு, ஏலம் நான்கு, மிளகு எட்டு, திப்பிலி பதினாறு, சுக்கு முப்பத்திரண்டு, அமுக்கரா அறுபத்து நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகும். எல்லாவற்றுக்கும் சமமாகச் சர்க்கரை. இங்கேதான் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, சூரணத்தில் சரிபாதி சர்க்கரை, அதனால் சுகர் உள்ளவர் வைத்தியரிடம் சொல்லிவிட்டே வாங்க வேண்டும். இரண்டாவது, மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் சில ஆங்கில மருந்துகள் ரத்தத்தில் ஏறும் அளவைக் கூட்டும். வலிப்புக்கான ஃபெனிட்டாயின் அவற்றில் ஒன்று.

டப்பாவில் வருவது பெரும்பாலும் செறிவூட்டிய சாறு. 300 மி.கி. சாறும் 300 மி.கி. பொடியும் ஒன்றில்லை. எத்தனை சதவீதம் வித்தனோலைடு (அமுக்கராவில் வேலை செய்வதாகக் கருதப்படும் வேதிப்பொருள்) என்று எழுதியிருப்பது அந்தச் செறிவைச் சொல்வது.

மன அழுத்தத்துக்கு இதைப் பரிசோதித்த ஆய்வுகள் உண்டு. 2012-ல் வெளியான ஹைதராபாத் ஆய்வில் 64 பேரிடம் 60 நாள், தினம் இரண்டு வேளை 300 மி.கி. வேர்ச்சாறு கொடுத்துப் பார்த்ததில் மன அழுத்த மதிப்பெண்ணும் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவும் வெற்று மாத்திரைப் பிரிவைவிட அதிகம் குறைந்தன. பிறகு வந்தவற்றிலும் பல இதே திசையில் போகின்றன. ஆனால் பெரும்பாலும் சிறியவை, இரண்டு மூன்று மாதத்தோடு முடிந்தவை. மிதமான மன அழுத்தத்தைக் கொஞ்சம் தணிக்கும் என்று சொல்ல இடம் இருக்கிறது. வருடக்கணக்கில் சாப்பிடலாம் என்று சொல்ல இடமில்லை.

தசை விஷயத்தில் விளம்பரம் வரம்பு மீறுகிறது. 2015-ல் 57 ஆண்களிடம் நடந்த ஆய்வு காட்டியது எடைப்பயிற்சியோடு சேர்த்து எடுத்தபோது தசை வலு கூடியதை. கெண்டைக்கால் பிடிப்பு நின்றதாக அது காட்டவில்லை. அதைத் தூக்கி ‘மசில் ரிலாக்ஸ்’ என்று எழுதுகிறார்கள்.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடங்கள்:

1. கல்லீரல். அபூர்வம்தான், ஆனால் ஐஸ்லாந்து, அமெரிக்கா, இந்தியா எனப் பல இடங்களில் மஞ்சள் காமாலையும் அரிப்பும் பதிவாகியிருக்கின்றன. பெரும்பாலும் தொடங்கிய சில வாரங்களில் வருகிறது. சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனாலோ உடம்பு அரித்தாலோ அன்றே நிறுத்த வேண்டும். தைராய்டு, பாலின ஹார்மோன், கருச்சிதைவு பற்றிய கவலையால் டென்மார்க் 2023-ல் அமுக்கராவையே தடை செய்தது.
2. தைராய்டு. சுரப்பைக் கூட்டக்கூடும். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவரின் அளவு கலைந்துபோகலாம்.
3. கர்ப்ப காலம். வேண்டவே வேண்டாம்.
4. தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை, எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள். டாக்டரிடம் கேட்காமல் கூடாது.
5. இலை. மருந்தில் வேரை மட்டுமே பயன்படுத்த வேண்டும், இலையைச் சேர்க்கக் கூடாது என்று ஆயுஷ் அமைச்சகம் 2021-ல் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. டப்பாவில் ‘வேர்’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

மற்ற மூலிகைகள்

சடாமாஞ்சில் இமயமலை உயரத்தில் வளரும் செடி. அழிவின் விளிம்பில் இருப்பதால் அதன் வணிகத்துக்கே சர்வதேசக் கட்டுப்பாடு உண்டு. சந்தையில் போலி அதிகம். நீர்ப்பிரமி பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் நினைவாற்றல் சார்ந்தவை. அமைதிக்கு என்று வாங்க அழுத்தமான காரணம் இல்லை.

சாதிக்காய் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் குற்றாலத்து மலைத்தோட்டங்களில் விளைவதால் இங்கே கைக்கெட்டும் பொருள் அது. பாலில் ஒரு சிட்டிகை இழைத்துக் குடிப்பதில் தீங்கில்லை. தூக்கம் வரவில்லையே என்று கரண்டிக் கணக்கில் போனால், சில மணி நேரம் கழித்து நெஞ்சுப் படபடப்பு, வாய் வறட்சி, மனக்குழப்பம், இல்லாதது தெரிவது என்று ஒரு நாள் முழுக்கப் படுத்தும். 5 கிராமே நஞ்சாகலாம். கைக்குழந்தை தூங்க உரைமருந்தில் சாதிக்காயையும் வசம்பையும் கூட்டி இழைக்கும் வழக்கத்தை விட்டுவிடுவது நல்லது.

சர்ப்பகந்தா வேர் தனி ரகம். இதிலிருந்து ரிசர்பின் என்ற மருந்து 1952-ல் பிரித்தெடுக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1949-ல், பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் இந்த வேர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதை உலகுக்கு எழுதினார். அமைதிப்படுத்தும், உண்மைதான். கூடவே ரத்த அழுத்தத்தை இறக்கும், மனச்சோர்வில் தள்ளும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர், மனச்சோர்வு உள்ளவர் இதைத் தொடவே கூடாது. நாட்டு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சரக்கல்ல இது.

பற்பம், செந்தூரம், பெயரில்லாப் பொடி

சித்த மருத்துவத்தில் தாது மருந்துகள் தனிப் பெரும் பிரிவு. பற்பம், செந்தூரம் என்பவை தாதுப்பொருளைப் புடம் போட்டு, அதாவது நெருப்பில் சுட்டு எடுக்கும் பொடிகள். சங்கு பற்பமும் முத்துச்சிப்பி பற்பமும் கால்சியம் சார்ந்தவை. ரசம் (பாதரசம்), பாஷாணம் (ஆர்சனிக் போன்ற நஞ்சுத் தாது) சேர்ந்தவையும் உண்டு. அவற்றைச் சுத்தி செய்து, புடம் போட்டு, நோயாளியைப் பார்த்து அளவு தீர்மானிப்பது படித்த வைத்தியரின் வேலை. 2004-ல் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 இந்திய மருந்துகளைச் சோதித்தபோது 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஏதாவது இருந்தது. கடையில் டப்பாவாக வாங்கியவை அவை.

சட்டமும் இதை உணர்ந்திருக்கிறது. எட்டி, ஊமத்தை, கஞ்சா, பாதரசம் போன்ற நஞ்சுச் சரக்கு சேர்ந்த உள்மருந்தில் ‘மருத்துவ மேற்பார்வையில் எடுக்கவும்’ என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும். அதை ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சிடச் சொல்கிறது விதி. தமிழ் மருந்தைத் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பாட்டி வாங்கும்போது அந்த எச்சரிக்கை அவருக்குப் போய்ச்சேராது. இது உடனே திருத்த வேண்டிய குறை.

டப்பாவைக் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை:

1. ‘சித்த மருந்து’ அல்லது ‘ஆயுர்வேத மருந்து’ என்றால் மருந்து உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி இருக்க வேண்டும்.
2. ஊட்டச்சத்து சேர்க்கை என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கும். கூடவே ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற பொருளில் ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரி உள்ள டப்பாவைக் காட்டி நோய் தீரும் என்று யாராவது சொன்னால் அது சட்டப்படி தவறு.
3. இரண்டும் இல்லாமல் காகிதப் பொட்டலத்திலோ வெறும் பாட்டிலிலோ வந்தால் வாங்காதீர்கள்.

மூன்றாவது வகையைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். மூட்டுவலி, உடம்புவலி, தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் என்று விற்கும் பெயரில்லாப் பொடிகளில் ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் கலந்திருப்பது நாட்டின் பல பகுதிகளில் கண்டுபிடிக்கப்பட்ட விஷயம். மூலிகை இரண்டே வேளையில் வலியை முழுசாக எடுத்துவிடாது. அப்படி எடுத்தால் சந்தேகப்பட வேண்டும். சில வாரத்தில் பசி கூடி, முகம் உப்பி, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறினால் சந்தேகம் வலுக்கிறது. அப்போதும் வீட்டில் பயந்துபோய்ப் பொடியைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. வெகுநாள் ஸ்டீராய்டு போன உடம்பு அதைத் தானே சுரப்பதைக் குறைத்துவிட்டிருக்கும். சட்டென்று நிறுத்தினால் மயக்கமும் ரத்த அழுத்த வீழ்ச்சியும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மிச்சப் பொடியோடு, சாப்பிடும் மற்ற மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டும். அவர் அளவைப் படிப்படியாக இறக்குவார்.

சித்த மருந்துதான் வேண்டும் என்பவர்களுக்கு, பாளையங்கோட்டையில் 1964-ல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரியின் வெளிநோயாளர் பிரிவு இருக்கிறது. நாடி பார்த்து, ரத்தப் பரிசோதனையும் பார்த்து, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டு மருந்து தரும் இடம் அது. எந்த மருந்திலாவது, மூலிகையோ மாத்திரையோ, பக்கவிளைவு வந்ததாகச் சந்தேகம் இருந்தால் மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024-ல் நோயாளியே தெரிவிக்கலாம்.